பாண் வண்டி மெட்டுக்குப் பொருத்தம் கேட்ட கதை

ஹோன் ஸ்பீக்கர் எல்லா இசையையும் தாங்காது. இது நான் படித்துத் தெரிந்துகொண்டதல்ல. எட்டாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். தலைக்கு மேலே ஒரு ஹோனைக் கட்டிக்கொண்டு, சாய்ந்தமருதுக்கும் மருதமுனைக்கும் இடையில் பதினொரு வருடம் முச்சக்கர வண்டியில் பேக்கரிப் பாண் விற்றதில் தெரிந்துகொண்டது. அடித்தொனி எதுவானாலும் ஹோன் தின்றுவிடும். மேளத்தைப் போட்டால் தகரத்தில் கல் விழுந்த மாதிரி இருக்கும். குழல் நல்லதுதான், ஆனால் கடற்கரை வீதிக்கு வந்தால் காற்று அதை அள்ளிக்கொண்டு போய்விடும். மனிதக் குரலைப் போட்டால் தேர்தல் வந்துவிட்டது என்று நினைத்து ஆட்கள் கேற்றைச் சாத்துவார்கள்.

மற்ற எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவன் நான். கண்ணாடிப் பெட்டியின் கொளுக்கியைப் பூட்டிவிட்டு வண்டியில் ஏறினால், இறங்கி மறுபடியும் ஒருமுறை பார்ப்பேன். மழை இருட்டினால் பணிஸ் நனையுமே என்று பயம், வெயில் எறித்தால் கிறீம் உருகுமே என்று பயம். பிள்ளை இருமினால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. ஆனால் காது விஷயத்தில் மட்டும் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை. எது ஹோனுக்குள் பிழைக்கும், எது செத்துப்போகும் என்று கேட்ட உடனே சொல்லிவிடுவேன்.

இந்த நாட்டில் பாண் வண்டி என்றால் ஒரே ஒரு மெட்டுத்தான். யாரோ ஒரு வெள்ளைக்காரர் எந்தக் காலத்திலோ பியானோவுக்குச் செய்தது. நானும் அதைத்தான் போட்டுக்கொண்டு திரிந்தேன். பிறகு என்னுடைய பாதையிலேயே இன்னொரு வண்டி ஓடத் தொடங்கியது. அதற்கும் அதே மெட்டு. என் சத்தத்துக்கு வெளியே வந்தவர்கள் அவனிடம் வாங்கினார்கள், அவன் சத்தத்துக்கு வந்தவர்கள் என்னைப் பார்த்து, "இப்பதானே வாங்கின, மறுகாவும் என்னத்துக்கு வாறீங்க?" என்று ஏசினார்கள். முன்னால் போகிறவன் விற்பான், பின்னால் வருகிறவன் விளக்கம் சொல்வான். விளக்கம் சொல்லிக் களைத்துத்தான் வேறு மெட்டுத் தேட வெளிக்கிட்டேன்.

காலைச் சுற்று முடிந்து, போறணை அடுப்பில் பின்னேர வேக்காடு இறங்கும் வரைக்கும் எனக்கு இரண்டு மணித்தியாலம் கிடைக்கும். பேக்கரியின் பின்பக்கம் மாச்சாக்குகளில் சாய்ந்துகொண்டு போனில் தேடுவேன். ஒரு இசையைத் தட்டினால் அதன் கீழே இருபது வரும், அந்த இருபதில் ஒன்றைத் தட்டினால் இன்னும் இருபது. பெயர் வாசிக்கத் தெரியாத நாடுகள், பெயர் தெரியாத வாத்தியங்கள். பள்ளிக்கூடத்தில் உலகப் படத்தில் பார்க்காத இடங்களை எல்லாம் மூன்று கிழமையாகக் காதால் பார்த்தேன். நல்லவை ஏராளம் இருந்தன. ஹோனுக்குச் சரிவருவதுதான் கிடைக்கவில்லை. அதைச் சோதிக்க என்னிடம் ஒரு வழி இருந்தது. வெறும் பிஸ்கட் தகரத்துக்குள் போனை வைத்து, எட்டடி தள்ளி நின்று கேட்பேன். தகரத்துக்குள் சாகாதது ஹோனுக்குள்ளும் சாகாது.

ஒருநாள் போனில் ஒரு பொம்பிளை வந்தா. படகு வைக்கும் கொட்டில் மாதிரி ஒரு இடம். பின்னால் சாம்பல் நிறக் கடல். முக்காலியில் இருந்துகொண்டு அக்கோடியன் வாசித்தா. விரித்து அமத்தி மூச்சுவிடுகிற பெட்டி அது. பார்த்தவர்கள் தொகை கொஞ்சம்தான். முகத்தில் சிரிப்பில்லை, தலையாட்டலும் இல்லை. வலை பொத்துகிறவர்கள் வேலையில் கண்ணாக இருப்பார்களே, அப்படி இருந்தா. போனைத் தகரத்துக்குள் வைத்தேன். மெட்டு தகரத்தை மிதித்துக்கொண்டு வெளியே வந்து நின்றது. "இதுதான்" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். மாப் பிசைகிறவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

அது ஆறு நிமிட மெட்டு. மகளின் போனில் ஒட்டி வெட்டும் வசதி இருந்தது. அதில் வைத்து நாற்பது விநாடியை மட்டும் வெட்டி எடுத்தேன். கணக்கு என்னுடையது: ஒரு நல்ல வாடிக்கைக் கேற்றிலிருந்து அடுத்த கேற்றுக்கு மெதுவாகப் போக அவ்வளவு நேரம் பிடிக்கும். கடைசி அடி மேலே ஏறி, நீண்டு, பிறகு இறங்கி அடங்கும். அடங்க விடவில்லை நான். ஏறும்போதே வெட்டித் தலைக்குத் திருப்பிவிட்டேன். மெட்டு அடங்கினால், வண்டி போய்விட்டது என்று ஆட்கள் உள்ளேயே இருந்துவிடுவார்கள். அடங்காமல் இருந்தால் வண்டி இன்னும் நிற்கிறது என்று ஓடிவருவார்கள்.

வீட்டு வாசலில் முதல் தடவை போட்டுக் காட்டினேன். மனைவி அடுப்படியிலிருந்து வந்தா.

"இது என்ன, மௌத்து ஊட்டுல போல இழுக்குது?"

"இழுக்கிறதுதான் வேணும். இழுத்தாத்தானே ஆக்கள் வெளியில வருவாங்க."

"பாட்டா இது?"

"பாட்டில்ல. சொல்லு ஒண்டும் இல்ல, வெறும் மெட்டு."

"எதெண்டாலும் பள்ளிவாசல்கிட்டப் போகக்குள்ள நிப்பாட்டுங்க."

"பழசையும் நிப்பாட்டிட்டுத்தானே போறன்."

ஒன்றரை வருடம் அந்த மெட்டு என்னைச் சுமந்தது. இரண்டு தெருவுக்கு அப்பால் நான் வரும்போதே கேற்றுகள் திறந்தன. சிறுபிள்ளைகள் மூக்கால் பாடினார்கள். மற்ற வண்டிக்காரர் பழைய மெட்டோடு அவர்பாட்டுக்கு ஓடினார். அவருக்கும் எனக்கும் இருந்த குழப்பம் தீர்ந்தது.

மருதமுனையில் ஒரு ரீச்சர் இருக்கிறா. நாளும் பொழுதும் மீன் வைத்த மாலு பாண் இரண்டு, ஒரு றாத்தல் பாண். ஒருநாள் கேற்றடியில் நின்று கேட்டா:

"தம்பி, இந்த மெட்டு எங்கால எடுத்த? என்ட மகன் பாடம் படிக்கக்குள்ளயும் இதத்தான் முணுமுணுக்கான்."

"நம்மடதுதான் ரீச்சர்" என்றேன்.

"நீங்களே போட்டதா?"

அந்த இடத்தில் இல்லையென்று சொல்ல வாய்க்கு ஒரு நொடிகூடத் தேவையில்லை. நான் சொன்னது, "ஓம்."

"மாஷா அல்லாஹ். படிச்சவங்களுக்கு வராது இந்த வேல."

அன்றைக்கு அவ சீனி தூவிய கிம்புலா பணிஸ் இரண்டு கூடுதலாக வாங்கினா. அதற்குப் பிறகு அந்தத் தெருவில் நான் மெட்டுப் போட்ட பாண்காரன். மறுத்துச் சொல்ல எத்தனையோ நாள் இருந்தன. ஒரு நாளும் சொல்லவில்லை.

பிறகு எனக்குக் குடலிறக்கம் வந்தது. பாண் தட்டுத் தூக்கித் தூக்கி வந்தது என்றார் டொக்டர். சின்ன ஒப்பரேசன், இரண்டு நாளில் வீட்டுக்கு வரலாம், பயப்பட ஒன்றுமில்லை என்றார். பயப்பட ஒன்றுமில்லை என்று யாரும் சொன்னால்தான் எனக்குப் பயம் கூடும். திகதி போட்டார்கள், நடுவில் மூன்று கிழமை இருந்தது.

எங்கள் ஊர்களில் ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் வீடு வீடாகப் போய்ப் பொருத்தம் கேட்பார்கள். தெரிந்தோ தெரியாமலோ உங்களுக்கு ஏதும் பிழை செய்திருந்தால், உங்களுக்கு உரிமையான ஹக்கில் ஏதும் என்னிடம் தங்கியிருந்தால், மனமாரப் பொருந்திக்கொள்ளுங்கள் என்று கேட்பது. இறைவன் தனக்குச் செய்த பிழையை மன்னிப்பான். மனிதனுக்குச் செய்ததை அந்த மனிதன்தான் பொருந்த வேண்டும். பெரிய வியாதிக்காரரும் கேட்பதுண்டு. குடலிறக்கத்துக்குப் போகிற யாரும் கேட்டு நான் கேள்விப்பட்டதில்லை. ஆனாலும் கேட்டேன். பாண் வண்டிக்காரனுக்கு இது வசதி. எப்படியும் எல்லா வாசலுக்கும் போகிறவன்தானே. மெட்டை நிற்பாட்டுவேன், பாணைக் கொடுப்பேன், கேட்பேன்.

"என்ன காக்கா, மக்காவுக்கா?" என்று ஒரு பெடியன் கேட்டான்.

"இல்ல. ஆஸ்பத்திரிக்கு."

"அல்லாஹ்! குடலுக்குப் போற மனிசன் ஹஜ்ஜுக்குப் போறாப்போலத் திரியிறாரே!" என்று உள்ளேயிருந்து ஒரு பொம்பிளைக் குரல் சிரித்தது. "பொருந்தின, பொருந்தின. ஆனா போன கிழம தந்த சீனிப் பணிஸ் காஞ்சி கிடந்திச்சி, அதுக்கு வேற கேளுங்க."

ஒரு சீனிப் பணிஸை எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக் கடித்துக்கொண்டே, "இப்ப முழுசாப் பொருந்தின" என்றா. இதில் ஒரு முறை இருக்கிறது. கொடுப்பதை மற்றவர் கையில் வாங்கினால் விஷயம் தீர்ந்தது. வாங்காமல் திருப்பித் தந்தால், வாயால் என்ன சொன்னாலும், மனதில் இன்னும் கிடக்கிறது என்றுதான் அர்த்தம்.

ரீச்சரின் கேற்றுக்கு இரண்டு வீடு முதலே மெட்டை நிற்பாட்டிவிட்டேன். அந்த மெட்டு என்னுடையது இல்லை, போனில் எடுத்தது, வெளிநாட்டில் ஒரு பொம்பிளை வாசித்தது என்று ஒரே மூச்சில் சொல்லி, கிம்புலா பணிஸ் இரண்டை நீட்டினேன். ரீச்சர் என்னை நன்றாகப் பார்த்தா.

"நான் ஸ்டாப் றூம் முழுக்கச் செல்லிட்டனே தம்பி, நம்மட ஊருல ஒரு இசையமைப்பாளர் பாண் விக்கிறார் எண்டு!"

"பொருந்திக்கங்க ரீச்சர்."

பணிஸை வாங்கினா. "என்ட பங்கு பொருந்தின. மெட்டுக்காரிட பங்கு என்னிட்ட இல்லையே. அதுக்கு என்ன செய்யப் போறீங்க?"

இதைத்தான் நான் கேட்கப் பயந்திருந்தேன். அடுத்த தெருவில் ஒரு மௌலவி இருக்கிறார், அவரிடம் கேட்டேன்.

"எடுத்தது ஆருட ஹக்கோ, அவங்களிட்டத்தான் கேக்கணும். கடலுக்கு அங்கால இருந்தாலும் கேக்கணும்" என்றார். பாணை வாங்கிக்கொண்டு இரண்டடி போனவர் திரும்பினார். "மெட்டுப் போடுறது மார்க்கத்துல சரியா பிழையா எண்டு நீங்க என்னிட்டக் கேக்கல்ல. கேட்டிருந்தா வேற கதை கதைச்சிருப்பன்."

"அதான் ஹஸரத் கேக்கல்ல" என்றேன். சிரித்துவிட்டார்.

மகள் உயர்தரம் படிக்கிறாள். அவள்தான் தேடிப் பிடித்தாள். அந்தப் பொம்பிளை தன் இசையைத் தானே விற்கிற ஒரு பக்கம் இருந்தது. எங்கள் மெட்டும் அதில் இருந்தது. விலை எழுதும் கட்டம் வெறுமையாகக் கிடந்தது.

"விருப்பமானதக் குடுக்கலாமாம் வாப்பா. ஒண்டும் குடுக்காமலும் எடுக்கலாமாம்."

"விலை செல்லாத கடையில என்னண்டு வாங்குற?"

"நீங்கதான் செல்லணும்."

ஆயுள் முழுக்க விலை சொல்லி விற்றவனிடம், வாங்கும்போதும் விலையை நீயே போடு என்றால் எங்கிருந்து தொடங்குவது? கடைசியில், ஒரு முழுத் தட்டு மாலு பாண் என்ன பெறுமோ அதைப் போடுவது என்று முடிவெடுத்தேன். ஒரு தட்டு விற்க எனக்கு எவ்வளவு பாடு என்று எனக்குத் தெரியும். தெரிந்த பாட்டை வைத்துத்தான் தெரியாத பாட்டுக்கு விலை போடலாம்.

என்னுடைய வங்கி அட்டை இணையத்தில் வேலை செய்யாது. வங்கிக்குப் போய்த் திறக்கச் சொன்னேன். கவுண்டரில் இருந்த தங்கச்சி கேட்டா, "என்ன தேவைக்கு?"

"வெளிநாட்டுல ஒரு பொம்புளைக்குக் காசு அனுப்ப."

அவ எழுதுவதை நிற்பாட்டினா. "அவங்க உங்களுக்கு என்ன உறவு?"

"உறவில்ல. ஆளைத் தெரியாது."

"அவங்க காசு கேட்டு மெசேஜ் போட்டவங்களா?"

"இல்ல தங்கச்சி, அவவுக்கு என்னையே தெரியாது."

மோசடிகள் பற்றிய ஒரு துண்டுப் பிரசுரத்தை என் கையில் தந்து, கட்டாயம் வாசிக்கச் சொல்லித்தான் அனுப்பினா. வீட்டுக்கு வந்தால் அந்தக் கதை எனக்கு முதல் வந்து சேர்ந்திருந்தது.

"சாய்ந்தமருதில பொம்புள இல்லாமலா வெளிநாட்டுல புடிச்சீங்க?" என்றா மனைவி. மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

காசோடு ஒரு கடிதமும் வைத்தோம். நான் சொல்ல, மகள் ஆங்கிலத்தில் எழுதினாள். நான் இலங்கையில் பாண் விற்கிறவன். உங்கள் மெட்டை ஒன்றரை வருடமாகக் கேட்காமல் எடுத்து வண்டியில் போட்டிருக்கிறேன். அது என்னுடையது என்று ஒருவரிடம் பொய்யும் சொன்னேன். அடுத்த மாதம் என் வயிற்றை வெட்டப் போகிறார்கள். அதற்கு முதல் யாருடைய உரிமையும் என் கழுத்தில் இருக்கக்கூடாது. இதை எடுத்துக்கொண்டு பொருந்திக்கொள்ளுங்கள்.

நல்ல கடிதம் என்று எனக்கு நம்பிக்கை. வங்கிக்குப் போனதையும் சேர்க்கச் சொன்னேன். மகள்தான் வேண்டாம் என்றாள்.

இரண்டாம் நாள் காசு திரும்பி வந்தது.

மகள் வாசித்தாள். "உங்கட காசை என்னால எடுக்க ஏலாதாம். வைத்தியத்துக்கு வெச்சிக்கொள்ளட்டாம். உங்கள நினைச்சிக்கொண்டிருப்பாவாம்."

"பொருந்தின எண்டு இரிக்கா?"

"அப்பிடி ஒண்டும் இல்ல. ஆனா எவ்வளவு அன்பா எழுதியிரிக்கா, பாருங்க."

"அன்பு வேற மகள். வாங்கல்லையே."

அன்றைக்கே மெட்டு இருந்த சிப்பைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டேன். பொருந்தாதவருடைய பொருளைத் தெரிந்துகொண்டே போட்டு விற்க என்னால் முடியாது. கேட்காமல் போட்டது ஒன்று, கேட்டும் கிடைக்காமல் போடுவது வேறொன்று. பழைய வெள்ளைக்காரர் மெட்டோடு மூன்று நாள் ஓடினேன். கேற்றுகள் திறக்கவில்லை. ரீச்சர் வீட்டில் நானே இறங்கித் தட்டினேன். "மத்த வண்டி எண்டெல்லோ இரிந்தன்" என்றா. பணிஸ் பாதிக்கு மேல் மிஞ்சியது. பேக்கரி முதலாளி தட்டை எட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி, பணிஸ் ஊரப் பாத்துட்டு வரப் போனதா?"

ஒப்பரேசனுக்கு இன்னும் எட்டு நாள். மற்ற எல்லாரும் பொருந்திவிட்டார்கள், என்னோடு ஒருபோதும் சிரிக்காத மாமி உட்பட. இந்த ஒருத்தி மட்டும் பாக்கி. அவவோ உலகத்தின் மறு பக்கத்தில் என் காசைத் திருப்பித் தந்துவிட்டு என்னை நினைத்துக்கொண்டிருக்கிறா. மேசையில் மயக்க ஊசி போடும்போது எனக்கு இதுதான் ஞாபகம் வரும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

மகள்தான் விஷயத்தைப் பிடித்தாள். "வாப்பா, நீங்க மௌத்தாகப் போறீங்க எண்டு அவ நினைச்சிட்டா. சாகப் போற மனிசன்ட கடைசிக் காச ஆர் எடுப்பா?"

"குடலிறக்கத்துல ஆர் சாவான்?"

"நீங்கதான் அப்பிடித் திரிஞ்சீங்க, ஊரு முழுக்க."

எங்கள் கடிதத்தை மறுபடி வாசிக்கச் சொல்லிக் கேட்டேன்.

"பாண் வண்டி எண்டா என்னெண்டும் அவவுக்குத் தெரியாது. காட்டுவம்" என்றாள்.

அடுத்த நாள் பின்னேரம் அவள் பின் சீற்றில் இருந்துகொண்டு போனால் படம் பிடித்தாள். சிப்பைப் போடத்தான் எனக்குக் கை வரவில்லை. "கேக்கிறதுக்குத்தானே போடுறம், விக்கிறதுக்கு இல்லையே" என்றாள் மகள். அந்தச் சட்டம் எனக்குப் பிடித்திருந்தது. ஒரே ஒரு தெருவுக்கு மட்டும் போட்டேன். மூன்று நாள் பசித்த தெரு போல எல்லாரும் வந்தார்கள். ரீச்சரின் மகன் செருப்பில்லாமல் ஓடிவந்தான். "வந்துட்டாரு, பழைய ஆள் வந்துட்டாரு!" என்று யாரோ கத்தினார்கள். விற்பதில்லை என்றுதான் வந்தேன். கையைப் பிடித்து வாங்கிக்கொண்டு போனார்கள்.

அந்தப் படத்தோடு இரண்டாவது கடிதம் போனது. இம்முறை நான் சுருக்கமாகச் சொன்னேன். நான் சாகவில்லை. என் வியாதி சின்ன வியாதி. எங்கள் நாட்டில் அரசாங்க ஆஸ்பத்திரியில் காசு வாங்குவதில்லை, ஆகவே இது வைத்தியத்துக்குரிய காசு அல்ல. இது மெட்டுக்குரிய காசு, உங்களுடையது. நீங்கள் எடுத்தால்தான் எனக்கு நித்திரை வரும். இரண்டு தட்டு மாலு பாணின் பெறுமதியை அனுப்பினேன்.

அடுத்த நாள் விடிய அவ எடுத்துக்கொண்டதாகச் செய்தி வந்தது. கூடவே நீண்ட கடிதம். மகள் ஒவ்வொரு வரியாகச் சொன்னாள். முதல் கடிதத்தை வாசித்து அழுதாவாம். இரண்டாவதை வாசித்துச் சிரித்தாவாம். பகலில் மீன் பதனிடும் இடத்தில் வேலை செய்கிறாவாம், இசையால் மாதம் ஓடாதாம். தன் மெட்டுக்கு ஆட்கள் வீட்டைவிட்டு ஓடிவருவதை முதல் தடவையாகப் பார்த்தாவாம். எல்லாவற்றையும் மனமாரப் பொருந்திக்கொண்டாவாம், பொய் சொன்னதையும் சேர்த்து. இனித் தாராளமாகப் போட்டு விற்கலாமாம்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றேன்.

"இன்னும் இரிக்கு. வெட்டின இடம் பிழையாம் வாப்பா."

"என்ன?"

"கடைசி அடிய அடங்க விடாம வெட்டியிரிக்கீங்களாம். கேக்கக்குள்ள நெஞ்சு அடைக்கிற மாதிரி இரிக்காம். சரியா வெட்டி, திரும்பத் திரும்பப் போடக்கூடிய மாதிரி வாசிச்சு அனுப்பியிரிக்கா. இதுக்குக் காசு வேணாமாம்."

பொருத்தம் கிடைத்த சந்தோஷம் பாதி இறங்கிவிட்டது. என் வாழ்க்கையில் யாரும் என் காதைக் குறை சொன்னதில்லை. இருந்தாலும் அவ அனுப்பியதை ஒரு சுற்றுப் போட்டுப் பார்த்தேன். மெட்டு ஏறி, நீண்டு, அழகாக இறங்கி அடங்கி, ஒரு மூச்சு விட்டு மறுபடி தொடங்கியது. அந்த ஒரு மூச்சுத்தான் எனக்குப் பிடிக்கவில்லை. ஆட்கள் வண்டி போய்விட்டது என்று நினைப்பார்கள். இரண்டு கேற்று திறக்கப் பிந்தின மாதிரியும் எனக்குப் பட்டது. பதில் எழுதச் சொன்னேன்: வீட்டுக்குள் இருந்து கேட்பதென்றால் உங்கள் வெட்டுச் சரி. வீதிக்கு என் வெட்டுத்தான் சரி. பதினொரு வருட அனுபவத்தில் சொல்கிறேன்.

"இவ்வளவு கடுமையா எழுதவா?"

"கடுமை இல்ல, தொழில். அவவும் தொழில்காரிதானே, விளங்கும்."

ஒரே வரியில் பதில் வந்தது: வீதியைப் பற்றி உங்களுக்குத்தான் தெரியும்.

என் வெட்டையே போட்டுக்கொண்டு கடைசி நாள் வரைக்கும் ஓடினேன். ஆஸ்பத்திரிக்குப் போக முந்தின இரவு எனக்கு நல்ல நித்திரை. மேசையில் ஏறிப் படுத்தபோது, மயக்க ஊசி போட்ட டொக்டர், "பயமா?" என்று கேட்டார். "இல்ல சேர், எல்லாருட கணக்கும் முடிச்சிட்டன்" என்றேன். அவர் தாதியைப் பார்த்த பார்வை, வங்கித் தங்கச்சி என்னைப் பார்த்த அதே பார்வை.

வீட்டுக்கு வந்த பிறகு ஆறு கிழமை பாரம் தூக்கக்கூடாது என்றார்கள். மனைவியின் தம்பி வண்டியை எடுத்தார். மூன்றாம் நாள் பின்னேரம் கட்டிலில் மல்லாந்து படுத்திருந்தேன். தூரத்தில், இரண்டு தெருவுக்கு அப்பால், என் மெட்டுக் கேட்டது.

பதினொரு வருடத்தில் ஒரு நாளும் நான் பாண் வண்டியை வீட்டுக்குள் இருந்து கேட்டதில்லை. எப்போதும் ஹோனுக்குக் கீழே இருந்தவன். இப்போதுதான் சுவருக்குப் பின்னால் இருந்து, வாங்குகிறவர்கள் கேட்கிற மாதிரிக் கேட்டேன். மெட்டு வந்தது, ஏறியது, நீண்டது, கழுத்தில் கை வைத்த மாதிரி அறுந்தது. தலையிலிருந்து தொடங்கியது, ஏறியது, அறுந்தது. கதைத்துக்கொண்டிருக்கிற ஒருவரின் வாயை யாரோ திரும்பத் திரும்பப் பொத்துவது போல. தையல் போட்ட இடம் இழுத்தது. அடுத்த தடவையாவது அடங்காதா என்று நானே காத்திருந்தேன்.

அடுப்படியில் மனைவி தேங்காய் துருவிக்கொண்டு முணுமுணுத்தா. அதே மெட்டு. ஆனால் ஹோன் அறுத்த இடத்தில் அவ நிற்கவில்லை. மேலே போன அடியைத் தானாகவே கீழே இறக்கி, அடக்கி, ஒரு மூச்சு விட்டுத்தான் மறுபடி தொடங்கினா. முழு மெட்டை அவ ஒரு நாளும் கேட்டதில்லை. அக்கோடியன்காரி வாசித்த இறக்கமும் இதுவும் கிட்டத்தட்ட ஒன்று.

"இஞ்ச பாரு" என்று கூப்பிட்டேன். "கடைசில ஒரு இறக்கம் இறக்கினயே, அத ஆர் செல்லித் தந்த?"

"ஆர் செல்லித் தாற? அந்தரத்துல உட்டுட்டுப் போற உங்கட மெட்டு. ஒன்றர வருசமா நான்தான் முடிச்சிக்கிட்டு இரிக்கன். நம்மட தெருப் புள்ளைகளும் முடிச்சித்தான் பாடுதுகள்."

வண்டி எங்கள் வாசலுக்கு வந்து நின்றது. மச்சான் உள்ளே எட்டிப் பார்த்து, "எப்பிடிக் காக்கா, வியாபாரம் நல்லம்" என்றார். மேசை லாச்சிக்குள் நான் கழற்றிப் போட்டிருந்த, அக்கோடியன்காரி அனுப்பிய மெட்டுச் சிப்பை எடுத்து மாற்றச் சொன்னேன். மாற்றிக்கொண்டு போனார். அடுத்த தெருவில் மெட்டு ஏறி, நீண்டு, இறங்கி அடங்கியது. ஒரு மூச்சு. அந்த மூச்சுக்குள் ஒரு கேற்றுத் திறக்கிற சத்தம் எனக்குக் கட்டிலில் இருந்தே கேட்டது.

நான் மகளைக் கூப்பிட்டேன். அவள் பேனையும் கொப்பியுமாக வந்தாள், பாடம் படித்துக்கொண்டிருந்தவள்.

"அந்தப் பொம்புளைக்கு ஒரு கடிதம் எழுதணும். அவவுட புதிய மெட்டுகள் இரிக்குதானே, அதையும் வாங்கணும். இதுக்கு வேணாமெண்ட காசையும் சேர்த்துப் போடு. வெட்டின விஷயத்துல அவதான் சரி, எனக்குத்தான் பிழச்சிட்டு. நான் கதைச்ச கதைக்குப் பொருந்திக்கொள்ளச் செல்லு."

"மறுகாவுமா வாப்பா?"

"ஓம், எழுது" என்றேன். "ஆனா படுக்கையில கிடக்கிறன் எண்டு மட்டும் எழுதிப்போடாத. மறுகாவும் காசைத் திருப்பி அனுப்பிருவா."